தொண்டையில் முள், காதடியில் வலி: அரிய கழுத்து நோய்க்கு உரிய நிபுணரைத் தேடும் மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கான கேள்வி பதில்கள்

இதை எழுதுபவர் யார், எதற்காக எழுதுகிறார்?

என் அக்கா கல்முனைக்கு அருகே பாண்டிருப்பில் தையல் வேலை செய்பவர். ஏறக்குறைய மூன்று வருடங்கள் அவருக்கு இடது காதின் கீழே வலி இருந்தது. எதை விழுங்கினாலும் தொண்டைக்குள் மீன்முள் நிற்பது போன்ற உணர்வும் இருந்தது. அந்த மூன்று வருடங்களில் பல் வைத்தியர், காது மூக்குத் தொண்டை வைத்தியர், நரம்பியல் வைத்தியர் என்று பலரிடம் போனோம்; பழுதில்லாத இரண்டு கடைவாய்ப் பற்களும் அந்த வலிக்காகப் பிடுங்கப்பட்டன. கடைசியில் அது ஈகிள் சிண்ட்ரோம் என்ற அரிய நோய் என்று தெரிந்தது. அதன் பிறகு அக்கரைப்பற்று, களுவாஞ்சிக்குடி, ஏறாவூர்ப் பக்கங்களிலிருந்து எங்களிடம் வந்து விசாரித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களையே இங்கு ஒழுங்காக எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் அல்ல. கிளினிக் கொப்பியையும் எக்ஸ்ரே உறையையும் தூக்கிக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் நடந்தவன் என்ற அளவில்தான் எழுதுகிறேன்.

ஈகிள் சிண்ட்ரோம் என்றால் என்ன?

மண்டையோட்டின் அடிப்பகுதியில், காதுக்குச் சற்றுக் கீழே, இரு பக்கங்களிலும் மெல்லிய ஓர் எலும்பு முளை கீழ்நோக்கியும் முன்னோக்கியும் இறங்குகிறது. வைத்தியர்கள் அதை ஸ்டைலொயிட் என்பார்கள். ஏட்டில் எழுதிய எழுத்தாணியைப் போலக் கூராக இருப்பதால் தமிழில் எழுத்தாணி முளை என்று சொல்வது பொருத்தமாக இருக்கும். அதன் நுனியிலிருந்து ஒரு தசைநார் நாவடி எலும்பு வரை ஓடுகிறது. முளையின் வழக்கமான நீளம் 25 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். 30 மில்லிமீற்றரைத் தாண்டினால் நீண்டுவிட்டது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். சிலருக்கு முளை நீள்வதில்லை, அந்தத் தசைநாரே சுண்ணாம்பு படிந்து எலும்பு போல இறுகிவிடுகிறது. எப்படியானாலும், மூளைக்கும் முகத்துக்கும் இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் நாடிகளும், தலையிலிருந்து இரத்தம் இறங்கும் பெரிய நாளமும், நாக்குக்கும் தொண்டைக்கும் போகும் நரம்புகளும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் ஒரு கூர்முனை உரசத் தொடங்குகிறது.

இப்படி இறுகிய தசைநாரை 1652 இலேயே பியெட்ரோ மார்க்கெட்டி என்ற இத்தாலியச் சத்திரசிகிச்சையாளர் குறிப்பிட்டிருக்கிறார். ஆனாலும் அதையும் வலியையும் தொடர்புபடுத்தி 1937 இல் எழுதியவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காது மூக்குத் தொண்டை வைத்தியர் வாட் ஈகிள். நோய்க்கு அவருடைய பெயர் வந்தது அதனால்தான்.

அறிகுறிகள் எப்படி இருக்கும்?

ஈகிள் இதனை இரண்டு வகையாகப் பிரித்தார். முதல் வகையில் தொண்டையின் ஒரு பக்கத்தில் மந்தமான, விடாத வலி இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் தலையைத் திருப்பும்போதும் அது கூடும். காது நன்றாக இருந்தும் காதுக்குள் குத்தும். ஏதோ சிக்கியிருப்பது போலத் தோன்றும். ரொன்சில் எடுத்தவர்களிடம் இது அடிக்கடி காணப்பட்டது. இரண்டாவது வகையில் முளை கரோட்டிட் நாடியை அழுத்துவதால் கழுத்திலிருந்து கண்ணுக்கும் நெற்றிக்கும் வலி ஏறலாம், தலையைத் திருப்பும்போது தலைச்சுற்று வரலாம். இவற்றைத் தவிர, முளைக்கும் கழுத்தின் முதல் முள்ளந்தண்டு எலும்புக்கும் இடையில் நாளம் நசுங்கி, தலைப்பாரமும் நாடித்துடிப்போடு சேர்ந்து காதில் கேட்கும் இரைச்சலும் வருவதைப் பற்றியும் அண்மைக்கால வைத்தியர்கள் எழுதுகிறார்கள்.

எங்கள் பகுதியில் மீன் இல்லாத சாப்பாடு குறைவு. ஆகவே தொண்டையில் குத்தினால் எல்லோரும் முதலில் நினைப்பது முள்ளைத்தான். அக்காவும் வாழைப்பழத்தையும் சோற்றுருண்டையையும் மெல்லாமல் விழுங்கிப் பார்த்தார். உண்மையில் முள் குத்தியிருந்தால் இந்த வழக்கம் முள்ளை இன்னும் ஆழமாக இறக்கிவிடும் என்று பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது. முள் என்று சந்தேகம் இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இது புற்றுநோயாக இருக்குமா?

ஈகிள் சிண்ட்ரோம் புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை நான் எளிதில் கடந்துபோக மாட்டேன். நாக்கின் அடி, ரொன்சில், தொண்டை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோயும் காது நன்றாக இருக்கும்போதே ஒரு பக்கக் காதுவலியாக வெளிப்படக்கூடும். இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் சேர்ந்த பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், கழுத்தில் கட்டி, குரல் கம்மல், துப்பலில் இரத்தம், வாய் முன்புபோலத் திறக்க முடியாமை, காரணமில்லாத மெலிவு என்பவற்றில் ஒன்று இருந்தாலும் அரிய நோய்களைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு, தொண்டையைக் குழாய்க் கமரா விட்டுப் பார்க்கும்படி முதலில் கேளுங்கள். அக்காவுக்கும் அதைத்தான் முதலில் செய்தார்கள். அந்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே ஈகிள் பற்றிய பேச்சு வந்தது, வரவேண்டிய ஒழுங்கும் அதுதான்.

புற்றுநோய் என்றே முடிவானால் அதற்கான பாதை வேறு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. தேவைப்பட்டால் அங்கிருந்து மகரகம அபேக்‌ஷா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

முதலில் எந்த நிபுணரிடம் போக வேண்டும்?

காது மூக்குத் தொண்டை வைத்திய நிபுணரிடம். வலி பல்லோடும் தாடை மூட்டோடும் கலந்திருந்தால் வாய், முகம், தாடை சார்ந்த சத்திரசிகிச்சை நிபுணரும் பொருத்தமானவரே. பலருக்கு இப்படி ஒரு துறை இருப்பதே தெரியாது. பல் வைத்தியப் படிப்புக்குப் பின்னர் சத்திரசிகிச்சையில் மேற்படிப்பு முடித்தவர்கள் அவர்கள்; பெரிய வைத்தியசாலைகளில் தனிக் கிளினிக் நடத்துகிறார்கள்.

வலி மின்சாரம் பாய்ந்தது போலச் சில நொடிகள் மட்டும் அடித்துவிட்டு நிற்குமானால் அது முக நரம்பு வலியாகவோ தொண்டை நரம்பு வலியாகவோ இருக்கலாம். அதைப் பார்க்க வேண்டியவர் நரம்பியல் நிபுணர். ஈகிளின் வலி பெரும்பாலும் அப்படிப்பட்டதல்ல, அது நாள் முழுக்க ஒரே இடத்தில் ஊன்றி நிற்கும். வலியின் இந்த வேறுபாட்டை நோயாளி தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இதைப் பார்க்க முடியுமா, நேரே கொழும்புக்குப் போவது நல்லதா?

இங்கிருந்தே தொடங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை, கல்முனையின் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை ஆகியவை நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. எந்த வைத்தியசாலையில் எந்தக் கிழமையில் காது மூக்குத் தொண்டை கிளினிக் நடக்கிறது என்பதை முதலில் வெளிநோயாளர் பிரிவில் கேட்டு வையுங்கள், ஏனென்றால் நிபுணர் மாறும்போது கிழமையும் மாறும். உங்கள் ஊர் வைத்தியசாலை வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் கிளினிக்கில் சேர்ப்பது இலகு.

கண்மண் தெரியாமல் கொழும்புக்கு ஓடியவர்களை நான் கண்டிருக்கிறேன். இரவு ரயிலில் போய், தனியார் வைத்தியசாலையில் ஒரு பெரிய பெயருக்குச் சனல் பண்ணி, பத்து நிமிடம் பேசி, “முதலில் இந்த ஸ்கானை எடுத்துக்கொண்டு வாருங்கள்” என்ற துண்டோடு திரும்பி வருவார்கள். இங்கேயே எடுத்திருக்கக்கூடிய அந்த ஸ்கானை எடுத்துக்கொண்டு மறுபடியும் ரயில் ஏறுவார்கள். தொண்டைப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கான், மருந்துகளால் வலி குறைகிறதா என்று பார்ப்பது ஆகியவற்றை இங்கு முடித்துவிட்டு, சத்திரசிகிச்சை வேண்டுமா என்ற ஒரே கேள்வியோடு கொழும்புக்கோ கண்டிக்கோ போனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு பெறுமதி இருக்கும்.

எங்களுக்கு வழி பிறந்தது எப்படி?

ஒரு வைத்தியர் கேட்ட ஒரே கேள்வியால். மூன்றாவது வருடத்தில், நிபுணருக்குக் கீழே பயிற்சியில் இருந்த இளம் வைத்தியர் ஒருவர் பழைய துண்டுகளையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, “அக்கா, எந்த இடத்தில நோகுது எண்டு ஒரு விரலால மட்டும் தொட்டுக் காட்டுங்க” என்றார். அதுவரை உள்ளங்கையை விரித்துக் கன்னம், காது, கழுத்து எல்லாவற்றையும் மூடிக் காட்டிவந்த அக்கா, முதல் தடவையாக ஆட்காட்டி விரலைக் காதுச் சோணைக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் வைத்தார். “இந்த இடம்தான் டொக்டர், தலையைக் கிறுகினா சுள்ளெண்டு குத்துது” என்றார். வைத்தியர் கையுறை போட்டு, வாய்க்குள் விரல் விட்டு, ரொன்சில் இருக்கும் குழியை மெதுவாக அழுத்தினார். அக்காவின் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வழக்கமாக வரும் அதே வலி, அதே இடத்தில். விரலுக்கு எலும்பு தட்டுப்படுகிறது என்று சொல்லிவிட்டு, அவர் நிபுணரை அழைத்து வந்தார்.

ரொன்சில் குழியை விரலால் அழுத்திப் பார்ப்பது இந்த நோய்க்குரிய அடிப்படைப் பரிசோதனை. அங்கே லிக்னோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்தை ஊசியால் செலுத்தி, வலி சற்று நேரம் நிற்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. நின்றால் வலியின் ஊற்று அதுதான் என்ற நம்பிக்கை கூடும்.

எந்த ஸ்கான் எடுக்க வேண்டும்? எங்களுக்கு எடுத்த ஸ்கானில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே?

பல் பிரிவில் எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் இரு தாடைகளும் ஒரே படத்தில் விழும். நீண்ட முளையும் பல வேளைகளில் அதிலேயே தெரியும். செலவு குறைந்த முதல் படி அது. உறுதிப்படுத்துவதற்குக் கழுத்தையும் மண்டையோட்டின் அடியையும் மெல்லிய துண்டுகளாக எடுக்கும் சி.டி. ஸ்கானும், அதிலிருந்து உருவாக்கும் முப்பரிமாணப் படமும் வேண்டும். நாடியோ நாளமோ நசுங்குவதாகச் சந்தேகம் இருந்தால் இரத்தக்குழாயைப் படத்தில் தெளிவாகக் காட்டும் மருந்தை ஏற்றி எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. மென்மையான தசைகளையும் நரம்புகளையும் நன்றாகக் காட்டும், எலும்பு முளையைக் காட்டுவதில் அது சி.டி.க்கு ஈடாகாது. எனவே “எம்.ஆர்.ஐ. எடுத்தோம், ஒன்றுமில்லை” என்பதை வைத்துக்கொண்டு ஈகிள் இல்லை என்று முடிவெடுக்க முடியாது.

இன்னொரு விடயத்தை நாங்கள் பணமும் காலமும் கொடுத்துக் கற்றுக்கொண்டோம். அக்காவுக்கு இரண்டாம் வருடத்திலேயே ஒரு சி.டி. எடுக்கப்பட்டிருந்தது. அதைக் கேட்டு எழுதிய துண்டில் சைனஸ் என்று மட்டும் இருந்தது. றிப்போட்டும் சைனஸைப் பற்றி மட்டும் பேசி, எல்லாம் சரி என்று முடிந்தது. பின்னர் அந்த ஸ்கான் படங்கள் பதிந்த சீ.டி. தட்டைக் கதிரியல் வைத்திய நிபுணர் ஒருவர் கணினியில் போட்டு அளந்தபோது இடது முளை 41 மில்லிமீற்றர், வலது முளை 36 மில்லிமீற்றர் என்று வந்தது. படத்தில் அது எப்போதும் இருந்தது, தேடச் சொல்லித்தான் யாரும் கேட்கவில்லை. ஸ்கான் எடுக்கும் முன் துண்டில் “ஸ்டைலொயிட் முளையின் நீளமும் சாய்வும் அளக்கவும்” என்று எழுதித் தரும்படி வைத்தியரிடம் பணிவாகக் கேளுங்கள். ஏற்கனவே எடுத்த சி.டி. இருந்தால் புதிதாக எடுக்க முன்னர் அதை மறுபடியும் வாசிக்க முடியுமா என்று கேளுங்கள், வீணாகக் கதிர்வீச்சு வாங்க வேண்டியதில்லை.

முளை நீண்டிருக்கிறது என்று றிப்போட்டில் வந்துவிட்டது. அப்படியானால் இதுதானே நோய்?

அவசியமில்லை. நூறு பேரில் நான்கு பேரளவில் முளை நீண்டிருக்கும் என்றும், அவர்களில் மிகச் சிலருக்கே அதனால் வலி வரும் என்றும் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அக்காவின் வலது முளையும் நீண்டதுதான், அந்தப் பக்கத்தில் ஒரு நாளும் நோகவில்லை; அதை இன்றுவரை யாரும் தொடவில்லை. நோகும் இடம், விரலால் அழுத்தும்போது வரும் வலி, படத்தில் தெரியும் நீளமும் சாய்வும் என்ற மூன்றும் ஒரே பக்கத்தில் பொருந்த வேண்டும். பொருந்தாதபோது “படத்தில் இருக்கிறதே” என்று சத்திரசிகிச்சைக்கு அவசரப்படும் ஒருவரைவிட, வேறு காரணத்தைத் தேடும் நிபுணரையே நான் நம்புவேன்.

ஒரு நிபுணருக்கு இதில் அனுபவம் இருக்கிறதா என்று எப்படி அறிவது? அவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாதா?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. நம் ஊர்களில் வைத்தியரைக் கேள்வி கேட்பது அவரைச் சோதிப்பது போலாகிவிடும் என்ற தயக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. என் அம்மா கிளினிக்கில் நிபுணர் வந்தால் கதிரையைவிட்டு எழுந்துவிடுவார். அந்த மரியாதை தவறானதல்ல, ஆனால் அதோடு வாயும் மூடிக்கொண்டால் இழப்பு நமக்குத்தான். நாங்கள் கேட்டது இப்படி: “டொக்டர், இந்த நோய் அரிது என்று சொல்கிறார்கள். இதற்கு முன்னர் இப்படியான நோயாளிகளைப் பார்த்திருக்கிறீர்களா? சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் நீங்களே செய்வீர்களா, இதை அதிகம் செய்த வேறொருவரிடம் அனுப்புவீர்களா?” இந்தக் கேள்விக்குக் கோபித்த நிபுணர் ஒருவரையும் நாங்கள் சந்திக்கவில்லை. ஒருவர், “நான் ஒன்றுதான் செய்திருக்கிறேன், கொழும்பில் என்னோடு படித்தவர் கூடுதலாகச் செய்கிறார், அவருக்குக் கடிதம் தருகிறேன்” என்றார். எங்கள் அலைச்சலில் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்தக் கடிதம்தான். தன் எல்லையைத் தெரிந்து சொன்ன அவரை அக்கா இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறார்.

அடுத்ததாக, வாய் வழியாகச் செய்வீர்களா கழுத்து வழியாகச் செய்வீர்களா, ஏன் அந்த வழி என்று கேளுங்கள். எந்த நரம்பு பாதிக்கப்படக்கூடும், வலி குறையாவிட்டால் அடுத்தது என்ன என்றும் கேளுங்கள். இதே வேலையை அடிக்கடி செய்பவர் இவற்றுக்குத் தடங்கலின்றிப் பதில் சொல்வார், தோல்வியடைந்தவற்றையும் மறைக்காமல் சொல்வார்.

ஒருவர் உண்மையில் வைத்திய நிபுணர்தானா என்ற சந்தேகம் இருந்தால் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டைப் பார்க்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகமே இந்நாட்டில் நிபுணர்களைப் பயிற்றிச் சான்றளிக்கிறது.

நல்ல ஒரு நிபுணரின் பெயரைச் சொல்லுங்களேன்?

எல்லோரும் கேட்பது இதைத்தான், நான் சொல்வதில்லை. அரச வைத்தியசாலை நிபுணர்களுக்கு இடமாற்றம் வரும்; இன்று கொழும்பில் இருப்பவர் அடுத்த வருடம் காலியில் இருக்கலாம், வெளிநாட்டுக்கும் போயிருக்கலாம். அக்காவின் நோய்க்குப் பொருந்தியவர் உங்கள் நோய்க்குப் பொருந்துவார் என்றும் இல்லை. உங்களைப் பரிசோதித்த இவ்வூர் நிபுணரிடம் “யாருக்கு அனுப்புவீர்கள்?” என்று கேட்டு, அவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு போவதே மேல். தம் துறையில் எந்த வேலையை யார் செய்கிறார் என்பது அவர்களுக்குள் நன்றாகத் தெரியும்.

கொழும்பு, கண்டி என்றால் எந்த வைத்தியசாலைகள்?

கொழும்பு தேசிய வைத்தியசாலையும் கண்டி தேசிய வைத்தியசாலையும் முதலில் நினைவுக்கு வர வேண்டியவை. தாடை, முகம் சார்ந்தது என்றால் கொழும்பு தேசிய பல் போதனா வைத்தியசாலையும் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. பிள்ளைகள் என்றால் கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. அம்பாறையிலிருந்து மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போவது கொழும்புக்குப் போவதைவிடக் கிட்ட, இதைப் பலர் யோசிப்பதில்லை. ரயில் பாதை மட்டக்களப்போடு முடிவதால் கல்முனைக்கும் அதற்குத் தெற்கேயும் உள்ளவர்கள் இரவு பஸ்ஸையே நம்ப வேண்டியிருக்கிறது. கழுத்து நோவோடு இரவு முழுவதும் பஸ்ஸில் தலை ஆடாமல் இருக்க, சால்வையை உருட்டிப் பிடரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

அனுப்புதல் கடிதம், கிளினிக் கொப்பி, வார்ட்டில் இருந்திருந்தால் வெளியேறும்போது தந்த டயக்னோசிஸ் காட் (நோய் விபர அட்டை), ஸ்கான் படங்களின் சீ.டி. தட்டு, றிப்போட்டுகள், குடிக்கும் மருந்துகளின் அட்டைகள். படத்தை விட்டுவிட்டு றிப்போட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள், சத்திரசிகிச்சை நிபுணர் தன் கண்ணால் படத்தைப் பார்க்கவே விரும்புவார். எல்லாவற்றையும் கைப்பேசியிலும் படம் எடுத்து வையுங்கள். எங்கள் சீ.டி. தட்டு ஒன்று பஸ்ஸிலேயே தவறிப்போனது.

இவற்றுக்கு மேலாக ஒரு தாளில் ஒரே பக்கத்தில் நோயின் கதையை எழுதிக்கொள்ளுங்கள். வலி எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, எந்த மருந்து எத்தனை நாள் குடித்தீர்கள், ரொன்சில் எடுத்ததுண்டா, கழுத்தில் அடிபட்டதுண்டா என்பவை போதும். கொழும்பிலும் கண்டியிலும் தமிழ் தெரிந்த வைத்தியர் எப்போதும் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. தெரிந்த ஆசிரியர் யாரிடமாவது சொல்லி அந்தத் தாளை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் சிங்களம் பேசக்கூடிய ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். நோகிறது என்பதற்கு நம்மிடம் குத்துது, உளையுது, கடுக்குது, விறைக்குது என்று எத்தனையோ சொற்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயைச் சுட்டும். மொழிபெயர்க்கும்போது எல்லாம் ஒரே வலியாகிவிடுகிறது.

சனல் பண்ணுவதா, அரச கிளினிக்குக்குப் போவதா?

இரண்டும் எதிரெதிர் அல்ல. அரச வைத்தியசாலையில் வேலை செய்யும் நிபுணரையே மாலையில் தனியாரில் சனல் பண்ணிச் சந்தித்து, ஆறுதலாகப் பேசி, பின்னர் அவருடைய அரச கிளினிக்கிலேயே சேர்ந்து இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் பலர். அக்காவும் அப்படித்தான். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருந்தது, ஏழு மாதங்கள் பொறுத்தோம்.

பண உதவி கிடைக்குமா?

தனியாரிலோ வெளிநாட்டிலோ செய்யவேண்டிய நிலை வந்தால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு இதற்காகக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். பணம் கட்டுவதற்கு முன்னரே விசாரியுங்கள்.

சத்திரசிகிச்சை இல்லாமல் சமாளிக்க முடியுமா?

பலருக்கு முடியும். அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகள், நரம்பு வலிக்கான கார்பமசெபின், கபபென்டின் போன்ற மருந்துகள், ரொன்சில் குழியில் ஸ்டீரொய்ட் ஊசி என்பவற்றை வைத்தியர் முதலில் முயல்வார். இந்த மருந்துகளைப் பக்கத்து வீட்டுக்காரரின் துண்டைக் காட்டிப் பாமசியில் வாங்கக் கூடாது. கார்பமசெபின் சிலருக்குக் கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்கும்.

வலி அடங்காவிட்டால் முளையை வெட்டிச் சுருக்குவார்கள். வாய் வழியாகச் செய்தால் வெளியே தழும்பு இருக்காது; இடம் குறுகலானது, பார்வை குறைவு, கழுத்தின் ஆழத்தில் கிருமி தொற்றும் ஆபத்தும் உண்டு. கழுத்து வழியாகச் செய்தால் தழும்பு இருக்கும், ஆனால் நாடிகளையும் நரம்புகளையும் கண்ணால் பார்த்துக்கொண்டு வேலை செய்யலாம். கீழ் உதட்டை அசைக்கும் முக நரம்பின் கிளை பாதிக்கப்பட்டு உதடு கோணலாவது பெரும்பாலும் தற்காலிகமானது, எனினும் அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

பரிகாரியிடம் எண்ணெய் போட்டு உருவலாமா? சலூனில் கழுத்து முறித்தால் இலேசாக இருக்கிறதே?

தயவுசெய்து வேண்டாம். கூரான எலும்பு முனை கரோட்டிட் நாடியை ஒட்டி நிற்கும்போது கழுத்தைச் சட்டென்று முறுக்கினால் நாடியின் உட்சுவர் கிழியக்கூடும். அதிலிருந்து பாரிசவாதம் வரலாம். வெந்நீர் ஒத்தடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது?

கழுத்தில் திடீரென்று கடும் வலி வந்து, அதே பக்கத்துக் கண்ணிமை தொங்கினாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, கை கால் சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, பார்வை மறைந்தாலோ உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். மூச்சுத் திணறல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமை என்பவற்றுக்கும் அப்படித்தான்.

எங்களுடையது ஈகிள் அல்ல, வேறோர் அரிய நோய். இதே வழி பொருந்துமா?

வழி பொருந்தும், நிபுணர் மாறுவார். கழுத்தின் பக்கத்தில் நாடி போலத் துடிக்கும் கட்டி, பக்கவாட்டில் அசைந்து மேலும் கீழும் அசையாவிட்டால், கரோட்டிட் நாடி பிரியும் இடத்தில் வளரும் கட்டியாக இருக்கலாம். இரத்தம் நிறைந்த அந்தக் கட்டியில் ஸ்கானுக்கு முன்னர் பயொப்சி (சோதனைக்காகச் சிறு துண்டு சதை) எடுக்க யாரையும் விடக் கூடாது. இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணரும் காது மூக்குத் தொண்டை நிபுணரும் சேர்ந்து பார்க்க வேண்டியது அது. அது பரம்பரையாகவும் வருவதால் குடும்பத்தில் வேறு யாருக்காவது அப்படியான கட்டி இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். உமிழ்நீர்ச் சுரப்பியின் அரிய கட்டிகளில் நோயியல் நிபுணரின் முடிவே சிகிச்சையைத் தீர்மானிக்கும். சந்தேகம் இருந்தால் வெட்டியெடுத்த சதையை வைத்துப் பார்த்த அதே கண்ணாடித் தகட்டை இன்னொரு நோயியல் நிபுணர் பார்க்கும்படி கேட்கலாம், திரும்பவும் வெட்டியெடுக்க வேண்டியதில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் கொழும்புக்கே போய்க்கொண்டிருக்க வேண்டுமா?

முதல் ஒன்றிரண்டு தடவை செய்தவரிடமே காட்ட வேண்டும். அதன் பிறகு இங்குள்ள கிளினிக்கில் தொடரலாம், ஆனால் என்ன செய்யப்பட்டது என்பதற்கான குறிப்பைப் பெற்றுக்கொண்டே வார்ட்டை விட்டு வெளியேறுங்கள். அக்காவுக்குக் கழுத்து வழியாகத்தான் செய்தார்கள். குத்தும் வலி இரண்டாம் வாரத்திலேயே போய்விட்டது. காதடியில் விறைப்பு ஐந்து மாதங்கள் இருந்தது. சாப்பாட்டின் முதல் வாயில் தாடை கூசும் தன்மை இன்னும் முழுதாகப் போகவில்லை. அதுவும் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் வரக்கூடியதுதான் என்றும், மெல்ல மெல்லக் குறையும் என்றும் நிபுணர் சொல்லியிருக்கிறார். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கல்முனையில் காட்டுகிறோம்.